மறைப்புக்குள் இருந்து எடுத்த படம்

என் மனைவியின் தம்பி பதினேழு நாள் கிளைச் சிறையில் இருந்தான். ஏரியில் பறவை பிடித்த குற்றம். அந்தக் குற்றம் நடந்த காலையில் அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். என் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

நான் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் சீட்டுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பதினோரு வருஷமாகிறது. குடியிருப்பது மண்ணூரில். வார லீவில் லைனில் கூட வேலை செய்பவர்கள் வீட்டுக் காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று படம் எடுத்துக் கொடுப்பேன். அதற்காகப் பழைய கேமரா ஒன்றும் டிரைபாடும் வாங்கி வைத்திருந்தேன். மச்சான் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. என்னைவிட எட்டு வயது சின்னவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக மூன்று வருஷம் ஓட்டினான். கான்ட்ராக்டர் மாறியபோது புது ஆள் கொண்டுவந்த லிஸ்டில் இவன் பெயர் இல்லை. கேட்டில் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை. ஷிப்ட் பஸ் போகும் நேரத்தில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்துவிடுவானாம். என் மனைவி தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சமைப்பாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "அவன எங்கனா வெளிய இட்டுகினு போங்க. நாள் பூரா செவுத்தயே பாத்துகினு கீறான். எனக்கு பயமா கீது."

அவனுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணி வைப்பான், வளை தோண்டுவான். சின்ன வயதிலிருந்தே அப்படி. கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் பயிர் வைக்கிற சில கழனிகளில் அறுவடை முடிந்திருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலி பிடிக்கப் போகலாமா என்று கேட்டேன். எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். சும்மா இருக்கட்டும் என்று கேமராவையும் எடுத்துப் போனேன். அவன் வளைக்குள் புகை போட்டு, மறு வாயில் கையை வைத்துக் காத்திருந்து, எலி தலையை நீட்டியதும் கழுத்தைப் பிடித்தான். அத்தனை வேகம். அதை வெட்டி ஒட்டி, அவன் பெயரில் ஒரு சேனல் திறந்து போட்டேன்.

அந்த வாரமே, ஷிப்ட் முடிந்தபின் கேன்டீனில் எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர் போனை என் பக்கம் திருப்பினார். "அண்ணாச்சி, இந்த ஆளப் பாருங்க. எப்படிப் பிடிக்கான்!" என்றார். திரையில் என் மச்சான். எடுத்தது நான் என்று சொல்லவில்லை. சொல்லாமல் அவர் பார்த்து ரசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் நன்றாக இருந்தது.

மச்சான் மாறினான். ஷேவ் செய்துகொண்டான். கமென்ட்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போட்டான். நண்டு பிடித்தோம், விரால் பிடித்தோம். என் மனைவி மறுபடி பேச்சுக்கு நடுவே சிரிக்கத் தொடங்கினாள். எங்கள் பெண், ஆறாவது படிக்கிறவள், மாமா டிவியில் வருவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதும் புரியாது.

பறவை பிடிப்பதைக் காட்டுங்கள் என்று கமென்ட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, நிறைய பேர். கானாங்கோழி பிடிக்கத் தெரியும் என்று மச்சான் முன்பு ஒரு வீடியோவில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். ஏரிக்கரையில், உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்குப் பக்கத்தில், பறவைகளைப் பிடிக்கக்கூடாது என்று வனத்துறை வைத்த பலகை இருந்தது. நாமக்கோழி, தாழைக்கோழி, வாத்து எல்லாவற்றின் படமும் அதில் உண்டு. அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். மச்சான் தயங்கினான். "வேணாமே மாமா, அது கேஸு" என்றான். நான்தான், ஒரே ஒரு தடவை, இடம் எதுவென்று தெரியாத மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பலகை ஃப்ரேமுக்குள் வராத பக்கமாக எங்கே நிற்பது என்பதை அன்றே போய்ப் பார்த்து முடிவு செய்தேன்.

முதல் முறை போனபோது எதுவும் நடக்கவில்லை. அவன் தனியாகப் போனால் கண்ணியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான்; பிறகு போய்ப் பார்ப்பான். கேமராவுக்கு அது போதாது. பறவை நடந்து வந்து, மாட்டிக்கொள்கிற நொடி வேண்டும். நான் டிரைபாடோடு நின்றால் நூறு அடியில் எல்லாம் பறந்துபோயின. அதனால் ஒரு மறைப்பு கட்டலாம் என்று சொன்னேன். அதுவும் என் யோசனைதான்.

கரைக்குக் கீழே, சம்பங்கோரை அடர்ந்த ஒரு மூலையில் கட்டினோம். நர்சரியில் போடுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாக மடித்து, நான்கு சீமைக்கருவேலக் கொம்புகளில் கட்டினோம். மேலே கோரையை அறுத்து வேய்ந்தோம். உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம். ஈரம் ஏறாமலிருக்க, கம்பெனியில் பார்ட்ஸ் வருகிற தடித்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டேன். டிரைபாடின் கால்கள் சேற்றில் இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு காலுக்கும் அடியில் பெயின்ட் டப்பா மூடி ஒன்றை வைத்தபிறகுதான் நின்றது. வலையில் கையளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, லென்ஸின் முனை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, அதைச் சுற்றிப் பழைய கறுப்பு சாக்ஸைச் சுற்றினேன். கேமரா ஓடும்போது எரிகிற சிவப்பு விளக்கின்மேல் டேப் ஒட்டினேன். மைக்கை மட்டும் நீளமான ஒயரில் கோரைக்குள் கொண்டுபோய், கண்ணிக்குப் பக்கத்திலேயே புதைத்தேன். வேலையில் பாகத்தின் அளவைக் கேஜ் வைத்துப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். கட்டி முடித்ததும் கேமராவையும் மைக்கையும் கழற்றிக்கொண்டு, பறவைகள் பழகட்டும் என்று மறைப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நான்கு நாள் கழித்துப் போனபோது மறைப்புக்கு மேலேயே ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து நாங்கள் கையைத் தட்டிக்கொண்டோம்.

இரண்டு விடியற்காலை வீணாயிற்று. மூன்றாவது நாள் மார்கழிப் பனி. கரைமேல் காலை ஷிப்ட் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போயின. எனக்கு அன்று லீவு. மச்சான் நைலான் நரம்பில் சுருக்குப் போட்ட கண்ணிகளை, கோரைக்கு நடுவே பறவைகள் நடந்து நடந்து தேய்ந்த தடத்தில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டான். லென்ஸில் பனி படிந்துகொண்டே இருந்தது. பனியன் துணியால் துடைத்தேன். ஏழு மணி வாக்கில் வெளிச்சம் வந்தது. இரண்டு நீலத் தாழைக்கோழிகள் கோரையிலிருந்து வெளியே வந்தன. சிவப்பு நெற்றி, நீண்ட சிவப்புக் கால்கள். ஒன்று முன்னால், ஒன்று நான்கடி பின்னால். முன்னால் வந்தது நின்று ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கி, காலால் பிடித்துக்கொண்டு கடித்தது. பிறகு ஒரு எட்டு வைத்தது. கால் சுருக்கில் விழுந்தது.

மச்சான் உடனே எழப் பார்த்தான். மாட்டியதும் ஓடிப்போய்க் கழுத்தைத் திருகிவிடுவது அவன் வழக்கம். கஷ்டப்படுத்தக்கூடாது என்பான். நான் இடது கையை அவன் முழங்கால்மேல் வைத்து அழுத்தினேன். "இரு," என்றேன், மூச்சோடு மூச்சாக. ஃபோகஸ் அப்போதுதான் சரியாக உட்கார்ந்திருந்தது. வெயில் பறவையின் முதுகில் விழுந்து நீலம் பளபளத்தது. அது சிறகை அடித்துக்கொண்டு கத்தியது. இன்னொன்று ஓடிப்போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அருகே வந்து வாலைத் தூக்கித் தூக்கி நடந்தது, பிறகு கட்டுண்டதன் கழுத்தருகே அலகைக் கொண்டுபோனது. நான் மெதுவாக ஜூம் செய்தேன். மச்சான் இரண்டாவது தடவையும் என்னைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது: போதுமா மாமா? நான் உள்ளங்கையைக் காட்டினேன். அந்த ஷாட் எத்தனை நிமிஷம் ஓடியது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் நான் தலையசைத்ததும் அவன் வெளியே போனான். கழுத்தைத் திருகி ஒரு நொடியில் முடித்தான். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். சிரித்தான்.

வீட்டில் எடிட் செய்யும்போது கத்தலைக் குறைத்து மேலே இசையைப் போட்டேன். கேமராவிலேயே இருந்த மைக்கில் என் குரலும் பதிவாகியிருந்தது; அந்த இடத்தை வெட்டினேன். வெட்டாத முழு ஃபைலை, அவன் கேட்டான் என்று, அவன் போனுக்கு அனுப்பிவைத்தேன். வீடியோவைப் போட்ட மூன்றாம் நாள் அது எங்கெங்கோ போய்விட்டது. புகழ்ந்தவர்களும் இருந்தார்கள், திட்டியவர்கள் அதைவிட அதிகம். யாரோ ஒரு பறவை ஆர்வலர், பின்னால் தெரிந்த செல்போன் டவரையும் ஒரு கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியையும் வைத்து ஏரியைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். பலகையை மறைத்தேன், தொட்டியை மறந்துவிட்டேன்.

வனத்துறை ஜீப் அவன் வீட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. நான் ஷிப்டில் இருந்தேன். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். மூன்றரை மணிக்கு வெளியே வந்து எடுத்தால், என் மனைவியிடமிருந்து இருபத்தைந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டதும் அவள் அழவில்லை. அழைத்துப் போய்விட்டார்கள், போனையும் எடுத்துப் போய்விட்டார்கள், நரம்பும் கண்ணியும் வீட்டிலேயே இருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். அம்மா மயங்கி விழுந்து இப்போது பரவாயில்லை என்றாள். பிறகு, "உங்கள யாரும் கேக்கல," என்றாள்.

நான் நேராக வீட்டுக்கு வந்தேன். வனத்துறையின் ரேஞ்ச் ஆபீசுக்குப் போகவில்லை. கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி உடைத்தேன். கேமராவையும் மைக்கையும் ஒரு வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டேன். சேனலை அழித்தேன். சாயங்காலம் ஏரிக்குப் போய் மறைப்பைப் பிரித்து, வலையைச் சுருட்டி எடுத்து வந்தேன். இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தவறில்லாமல், செய்தேன். என் மனைவி வாசலில் நின்று, நான் வலையோடு வருவதைப் பார்த்தாள். வலையை வாங்கி மடித்து வைத்தாள்.

அங்கே நடந்ததை மச்சானே பிறகு சொல்லித்தான் தெரியும். யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். தானே ஸ்டாண்டில் வைத்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறான். படம் நகர்கிறதே, ஜூம் ஆகிறதே என்றிருக்கிறார்கள். ரிமோட் என்றிருக்கிறான். அவன் போனில் இருந்த முழு ஃபைலைப் போட்டுக் காட்டி, 'இரு' என்று யாரோ சொல்கிறார்களே, அது யார் என்று கேட்டிருக்கிறார்கள். தானே பறவையிடம் சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது. கையில் ஒரு ஆள் இருந்தான், ஒப்புக்கொண்டிருந்தான். அதோடு விட்டுவிட்டார்கள்.

அந்தப் பதினேழு நாளும் நான் ஷிப்டுக்குப் போனேன். ஜாமீனுக்கு வக்கீல் பிடித்தேன், அலைந்தேன், கையெழுத்துப் போட ஆள் தேடினேன். எல்லோரும் நல்ல மாப்பிள்ளை என்றார்கள். ஒன்பதாவது நாள் வக்கீலிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இப்போது போய்ச் சொன்னால் அவன் பொய் சொன்னதாகவும் ஆகும், அக்யூஸ்டு இரண்டு பேர் ஆவார்கள், உங்கள் வேலையும் போகும், வீட்டில் சம்பாதிக்கிற ஆளும் இருக்கமாட்டார், விட்டுவிடுங்கள் என்றார். சரி சார் என்றேன். படி இறங்கும்போது உடம்பே லேசாகிவிட்டது. தெருவில் இறங்கி ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் குடித்தேன். அந்த ஜூஸ் ருசியாக இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவர் சொன்னாரு சரி. நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அவள் குக்கரை மூடி விசிலைப் போட்டுவிட்டாள்.

அவனை விட்ட அன்று சிறை வாசலில் பைக்கோடு நின்றேன். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஏறி உட்கார்ந்தான். நெடுஞ்சாலை வந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீயை ஆற்றிக்கொண்டே, நான் வந்து சொல்லியிருக்கணும் மச்சான் என்று ஆரம்பித்தேன். அவன் குறுக்கே பேசினான். "நீ வந்து இன்னா பண்ணியிருப்ப? அக்கா வூடு போயிருக்கும். நான் எப்படியும் சும்மா இருக்கறவன்தான."

அந்தக் கோழி எப்படியும் செத்திருக்கும், இல்லையா, என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ.

"செத்திருக்கும்," என்றான். "ஆனா சீக்கிரமா செத்திருக்கும் மாமா."

அதன்பிறகு இருவரும் டீயைக் குடித்து முடித்தோம்.

கேஸ் இன்னும் ஓடுகிறது. வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போகிறது. கம்பெனிகள் போலீஸ் சர்டிபிகேட் கேட்பதால் எந்த கேட்டிலும் அவனால் போய் நிற்க முடியாது. தண்டலம் பக்கம் ஒரு குடோனில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறான். அங்கேயே தங்கிக்கொள்கிறான். முதல் இரண்டு வாய்தாவுக்கு நான் லீவு போட்டு பைக்கில் அழைத்துப் போனேன். மூன்றாவதற்கு, நீ வரவேணாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

போன ஆவணியில் அவனுக்கு ஒரு இடத்தில் பெண் பார்த்தோம். பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. மரியாதையாகப் பேசுகிற மனுஷன். கேஸ் விஷயம் எப்படியோ காதுக்குப் போய், மாப்பிள்ளையின் மாமா என்ற முறையில் என்னிடம் தனியாகக் கேட்டார். அவர் வீட்டு மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பு கட்டியது நான், பிடிக்கச் சொன்னது நான், காத்திரு என்றது நான், அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் உள்ளே போனான் என்று. சொன்னால் அவனுடைய குணம் அவருக்குப் புரியும் என்று நம்பினேன்.

அவர் கடைசி வரை கேட்டார். "தங்கமான புள்ளதான்," என்றார். "ஆனா நாளைக்கு இன்னொருத்தர் வந்து இரு, செய்யின்னு சொன்னா, அப்பவும் செய்வானே. என் பொண்ணு இன்னா பண்ணும்?"

கீழே வந்து எல்லோரும் காபி குடித்தோம். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மச்சானுக்கு நான் சொன்னது தெரிந்ததும் வீட்டுக்கு வந்தான். கதவருகே நின்றபடி, இனிமேல் யாரிடமும் அதைப் பேசாதே என்றான். உன் மனசு ஆறுவதற்காக ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தால் நான் உள்ளே இருந்ததற்கு அர்த்தமே இல்லை என்றான். அவன் அக்கா, வந்தவனுக்குத் தட்டு வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டான். எங்கள் பெண்ணிடம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டான். கை கழுவிவிட்டு, ஆறு மணிக்கு லாரி வந்துவிடும் என்று கிளம்பினான். என் மனைவி அவன் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போனாள். அங்கே அவர்கள் ரொம்ப நேரம் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் வந்து சொல்லவில்லை.